எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் ஏபிஎஸ் விளக்கு: பழைய மோட்டார் ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏபிஎஸ் என்பது அழுத்தி பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதை, அதாவது லாக் ஆவதை, தடுக்கும் அமைப்பு; அதில் கோளாறு என்றால் மீட்டர் பக்கம் ஒரு விளக்கு எரியும். கோலாலம்பூர் பக்கம் செந்தூலிலும் கோம்பாக்கிலும் பழைய ஏபிஎஸ் மோட்டார் (மோட்டார் சைக்கிள்) வைத்திருக்கும் நம்மவர்கள் சந்தித்துக்கொண்டால் ஒரு பேச்சு நிச்சயம் வரும். விளக்கு எரிகிறது, கடைக்குக் கொண்டுபோனால் அணைந்துவிடுகிறது, மெக்கானிக் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுகிறார், இரண்டு நாளில் மறுபடி எரிகிறது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே சேர்த்திருக்கிறேன். விட்டுவிட்டு வரும் கோளாறுக்குப் பொருள் வாங்கிப் போடுவது கடைசி வேலை. விளக்கு எந்த நேரத்தில், எந்தச் சூழலில் எரிகிறது என்பதைக் கவனித்தாலே பாதி வழி தெரிந்துவிடும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதைச் சுற்றித்தான் போகும்.

சாவியைத் திருப்பினதுமே ஏபிஎஸ் விளக்கு எரியுது. கோளாறா?

இல்லை. அப்படித்தான் எரிய வேண்டும். சாவி போட்டதும் ஏபிஎஸ் கணினி தன் மின்சுற்றுகளைச் சோதிக்கும். சக்கரம் சுற்றினால்தான் சென்சார் வேலை செய்கிறதா என்று அதற்குத் தெரியும். அதனால் மோட்டார் நகர்ந்து, மாடலைப் பொறுத்து மணிக்கு 5 முதல் 10 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும்வரை விளக்கு எரியும் அல்லது மினுக்கும், அப்புறம் அணையும். வேகம் எடுத்த பிறகும் எரிந்துகொண்டே இருந்தாலோ, அணைந்து மறுபடி எரிந்தாலோதான் கோளாறு.

விளக்கு எரியறப்ப பிரேக் பிடிக்குமா பிடிக்காதா?

பிடிக்கும். பெரும்பாலான மோட்டார்களில் விளக்கு எரிந்தால் ஏபிஎஸ் மட்டும் ஒதுங்கிக்கொள்ளும், மற்றபடி சாதாரண பிரேக்காக வேலை செய்யும். அழுத்திப் பிடித்தால் சக்கரம் லாக் ஆகும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் நம் ஊரில் அது சின்ன வித்தியாசம் இல்லை. சாயங்கால மழை பெய்து முடிந்த சாலையில், வெள்ளைக் கோட்டின் மேலோ சாக்கடை மூடியின் மேலோ முன்சக்கரம் லாக் ஆனால் யோசிக்க நேரம் இருக்காது.

ஒரு விதிவிலக்கு உண்டு. 2000களின் முற்பகுதியில் வந்த சில பிஎம்டபிள்யூ மோட்டார்களில் பிரேக் அழுத்தத்தையே மின்பம்ப் கூட்டிக் கொடுக்கும். அவற்றில் கோளாறு வந்தால் அந்த உதவி போய், லீவரைப் பல மடங்கு பலமாக அழுத்த வேண்டியிருக்கும். அந்த வகை வைத்திருந்தால் விளக்கு எரிந்த பிறகு ஓட்டவே வேண்டாம்.

அண்ணா, என் மகன் தினமும் கூட்டரசு நெடுஞ்சாலையில வேலைக்குப் போறான். சரி பண்ற வரைக்கும் ஓட்டலாமா?

அம்மா, முதலில் உங்கள் மகனிடம் ஒன்று கேளுங்கள்: ஏபிஎஸ் இல்லாத மோட்டாரை அவர் எப்போதாவது ஓட்டிப் பழகியிருக்கிறாரா? கப்சாயில் (ஏபிஎஸ் இல்லாத சின்ன மோட்டாரில்) வளர்ந்தவர்களுக்கு பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்தும் பழக்கம் கையிலேயே இருக்கும். முதல் மோட்டாரே ஏபிஎஸ் உள்ளதாக இருந்தவர்கள் அவசரத்தில் லீவரை ஒரேயடியாக இழுப்பார்கள். அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

விளக்கு மட்டும் எரிந்து, பிரேக் வழக்கம்போல உறுதியாகப் பிடித்தால், கடைக்குக் கொண்டுபோகும்வரை இடைவெளி விட்டு மெதுவாக ஓட்டலாம். மழை நேரத்தில் வேண்டாம், ரயிலில் போகட்டும். ஆனால் விளக்கு எரியாமலே பிரேக் விட்டுக்கொடுத்தால் ஒரு நாளும் ஓட்டக்கூடாது. அதைப் பற்றிக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது, அதைக் கட்டாயம் படியுங்கள்.

ஓடறப்ப எரியுது, நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணினா அணைஞ்சிடுது. சரியாயிடுச்சுன்னு விட்டுடலாமா?

சரியாகவில்லை. சாவியை அணைத்துப் போட்டதும் கணினி புதிதாகச் சோதிக்கிறது. அந்த நொடியில் எல்லாம் ஒழுங்காக இருந்தால் விளக்கை அணைத்துவிடும். ஆனால் முன்பு நடந்ததைக் கோளாறுக் கோடாக (code, அதாவது கோளாறைக் குறிக்கும் எண்ணாக) நினைவில் வைத்திருக்கும். அதனால் கடைக்குப் போகும் முன் பேட்டரியைக் கழற்றிப் பார்ப்பது, அந்தக் கோடை அழித்துவிட்டுப் பார்ப்பது எல்லாம் வேண்டாம். இருக்கிற ஒரே சாட்சியைத் துடைத்துவிட்டுப் போனால் மெக்கானிக் எதை வைத்துத் தேடுவார்?

கவனிக்கச் சொல்றீங்க, சரி. என்னத்தைக் கவனிக்கணும்?

ஒவ்வொரு முறை எரியும்போதும், பாதுகாப்பாக நிறுத்திய பிறகு, கைப்பேசியில் ஒரு வரி குறித்துவையுங்கள். ஸ்டார்ட் செய்த உடனேயா, அரை மணி நேரம் ஓடிய பிறகா? மழையா, வெயிலா, முந்தின நாள் கழுவினீர்களா? நெடுஞ்சாலை வேகமா, நெரிசலில் ஊர்ந்தபோதா? குழியில் இறங்கியபோதா, வளைவில் ஹேண்டிலைத் திருப்பியபோதா? கூடுதல் விளக்கும் கைப்பேசி சார்ஜரும் ஓடிக்கொண்டிருந்தனவா? கடைசியாக மோட்டாரில் யார் கை வைத்தார்கள், என்ன வேலை செய்தார்கள்?

இந்தக் கடைசிக் கேள்விதான் என் அனுபவத்தில் அதிகம் உதவுவது. டயர் மாற்றம், பிரேக் பேட் மாற்றம், ஸ்பாட் லைட் பொருத்தியது என்று ஏதாவது ஒரு வேலைக்குப் பிறகுதான் பலருக்கும் கதை தொடங்கியிருக்கும். கேட்டால்தான் ஞாபகம் வரும்.

நான்கைந்து வரி சேர்ந்ததும் ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். குளிர்ந்த எஞ்சினில் மட்டும் என்றால் பேட்டரிப் பக்கம். ஈரத்தில் மட்டும் என்றால் கனெக்டர். அதிர்விலும் திருப்பத்திலும் என்றால் வயர் அல்லது பேரிங். சூட்டில் மட்டும் என்றால் ஏபிஎஸ் பெட்டிக்குள்ளேயே இருக்கலாம். அடுத்து வரும் கேள்விகள் இந்த வரிசையில்தான் போகின்றன.

காலையில ஸ்டார்ட் பண்ணின உடனே எரியுது, மத்த நேரம் இல்ல. ஏன்?

முதலில் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது மின்னழுத்தம் விழும். பழைய பேட்டரி என்றால் அதிகமாகவே விழும், ஏபிஎஸ் கணினி அதைக் கோளாறாகப் பதிவு செய்யும். எஞ்சின் ஸ்டார்ட் ஆவதால் பேட்டரி நன்றாக இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். எஞ்சினுக்குப் போதுமான மின்சாரம் ஏபிஎஸ் கணினிக்குப் போதாமல் போகலாம்.

சாதாரண மல்ட்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற மோட்டாரில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி களைத்துவிட்டது. எஞ்சினை முறுக்கிப் பிடித்தால் 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அதற்குக் கீழே என்றால் சார்ஜிங் பக்கம் பாருங்கள். இதையெல்லாம் அளப்பதற்கு முன் பேட்டரியின் இரண்டு முனைகளையும், சட்டத்தில் மாட்டியிருக்கும் எர்த் வயரையும் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். காசில்லாத வேலை, பலருக்கு அதோடு பிரச்சினை தீர்ந்திருக்கிறது.

உணவு கொண்டுபோகும் வேலையில் இருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்பாட் லைட், இரண்டு சார்ஜர், அடிக்கடி நிறுத்தி ஸ்டார்ட் செய்வது என்று இருந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற நேரமே கிடைக்காது.

மழை பெஞ்ச மறுநாள் எரியுது, வெயில் அடிச்சா போயிடுது.

கனெக்டருக்குள் ஈரம். நம் ஈரக் காற்றில் பத்து வருடம் நின்ற கனெக்டரைப் பிரித்தால் உள்ளே பச்சையாகப் பூத்திருக்கும். அந்தப் பச்சை மின்தடையைக் கூட்டும், ஈரம் சேர்ந்தால் சமிக்ஞை தப்பும். சென்சார் வயர் முடியும் இடங்களையும் ஏபிஎஸ் பெட்டியின் பெரிய கனெக்டரையும் சாவி அணைத்த நிலையில் பிரித்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காயவிட்டு, டைஎலக்ட்ரிக் கிரீஸ் லேசாகத் தடவி மாட்டுங்கள். ரப்பர் சீல் கிழிந்திருந்தால் அதைச் சரி செய்யாமல் மற்ற வேலைக்குப் பலன் இல்லை.

கார் வாஷ் கடைகளில் அழுத்த நீரைச் சக்கர நடுவிலும் சீட்டுக்கு அடியிலும் அடிக்க விடாதீர்கள். மழைநீர் நுழையாத இடத்திலும் அந்த நீர் நுழையும்.

டயர் மாத்தினதிலிருந்துதான் இந்தத் தொல்லை. டயர் சைஸ் மாறினதாலயா?

இருக்கலாம், ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியது வேறு. சக்கரத்தோடு சுற்றும் பல் வைத்த ரிங்கும், அதன் எதிரே அசையாமல் நிற்கும் சென்சாரும்தான் வேகத்தைச் சொல்கின்றன. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி பல மாடல்களில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் முதல் ஒன்றரை மில்லிமீட்டர் வரைதான். சக்கரத்தைக் கழற்றித் தரையில் ரிங் பக்கம் கீழே இருக்கும்படி போட்டாலே ரிங் வளைந்துவிடும். ஸ்பேசர் பக்கம் மாறினாலோ, சென்சார் தாங்கி ஒழுங்காக உட்காராவிட்டாலோ இடைவெளி கெடும். வயர் கிளிப்பில் மாட்டப்படாமல் தொங்கினால் டயரில் உரசி அறுந்துபோகும்.

சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி மெதுவாகச் சுற்றி, ஒரு முழுச் சுற்றிலும் அந்த இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா என்று ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) பாருங்கள். ஓர் இடத்தில் நெருங்கி இன்னோர் இடத்தில் விலகினால் ரிங் வளைந்திருக்கிறது, அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது தட்டும் சத்தம் வந்தால் பேரிங்தான்.

டயர் அளவு பற்றி: கணினி முன், பின் சக்கர வேகங்களை ஒப்பிடுகிறது. ஒரு பக்கம் மட்டும் விட்டம் நன்றாக மாறினால் ஒப்பீடு தவறும். நிறுவனம் சொன்ன அளவிலேயே இருங்கள். ஸ்பிராக்கெட் மாற்றுவது இதைப் பாதிக்காது, சென்சார் சக்கரத்தில் இருக்கிறதே தவிரச் செயினில் இல்லை.

உலு யாம் ரோட்டுல குழியில இறங்கினா எரியுது. சமமான ரோட்டுல ஒண்ணுமில்ல.

பேரிங்கை மேலே சொன்ன மாதிரி பார்த்துவிட்டு, முன் சென்சார் வயருக்கு வாருங்கள். ஃபோர்க் ஏறி இறங்கும்போதும் ஹேண்டில் திரும்பும்போதும் அந்த வயர் மடங்கி மடங்கி நிமிர்கிறது. வருடக்கணக்கில் அப்படி மடங்கினால் வெளித்தோல் நன்றாக இருக்கும்போதே உள்ளே செம்பு முறிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. வயரை இரு முனையிலும் பிரித்து, மீட்டரில் மின்சாரம் அறுபடாமல் போகிறதா என்று பார்த்துக்கொண்டே, ஒருவர் ஹேண்டிலை முழுக்க இடமும் வலமும் திருப்ப, இன்னொருவர் வயரை விரல் விரலாக வளைத்து வர வேண்டும். மீட்டர் ஒரு கணம் தப்பினால் முறிவு அந்த இடத்தில்தான். பொறுமையான வேலை. அவசரப்படுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்த்தான் புது சென்சார் வாங்குகிறார்கள்.

சென்டர் ஸ்டாண்டுல நிறுத்தி கியர் போட்டு செயின் சுத்தம் பண்ணினேன். உடனே எரிஞ்சுது.

பின்சக்கரம் ஓடுகிறது, முன்சக்கரம் நிற்கிறது. கணினிக்கு அது பொருந்தாத விஷயம், அதனால் எரிந்தது. சாவியை அணைத்துப் போட்டு ஓட்டினால் போய்விடும். ஆனால் எஞ்சின் ஓடும்போது செயினைத் துடைக்காதீர்கள். விரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். கியரை எடுத்துவிட்டுக் கையால் சுற்றுங்கள்.

கோடு படிக்க மெஷின் வேணுமா?

பல பழைய ஜப்பான் மோட்டார்களில் வேண்டாம். சீட்டுக்கு அடியிலோ பக்கவாட்டிலோ ஒரு சோதனை கனெக்டர் இருக்கும். சர்வீஸ் மேனுவலில் சொன்ன இரண்டு முனைகளை இணைத்துச் சாவி போட்டால் ஏபிஎஸ் விளக்கு மினுக்கி எண் சொல்லும். நீளமாக எரிந்தது பத்துகள், குறுக எரிந்தது ஒன்றுகள் என்கிற மாதிரி இருக்கும், மாடலுக்கு மாடல் மாறும். முனையை ஊகித்து இணைக்காதீர்கள், மேனுவலைக் கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஐரோப்பிய மோட்டார்களுக்குப் பெரும்பாலும் மெஷின் தேவைப்படும்.

கோடு 'முன் சென்சார்'னு சொல்லுச்சு. புது சென்சார் போட்டேன். மறுபடி எரியுதே?

கோடு சொல்வது அந்தச் சென்சாரிலிருந்து சரியான தகவல் வரவில்லை என்பதை மட்டும்தான். சென்சார், ரிங், இடைவெளி, பேரிங், வயர், கனெக்டர் இவற்றில் எதில் தவறு இருந்தாலும் அதே கோடு வரும். அதனால்தான் குழி, டயர், மழை பற்றிய பதில்களை முதலில் எழுதினேன்.

இரண்டு வகைச் சென்சார் உண்டு. சுருள் வகையில் மின்தடையை அளக்கலாம், பல மாடல்களில் 1 முதல் 2 கிலோ ஓமுக்குள் இருக்கும், உங்கள் மாடலின் எண் மேனுவலில் இருக்கும். சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஏசி மில்லிவோல்ட் சீராக ஏற வேண்டும். ஏறி இறங்கித் தடுமாறினால் சென்சாரின் முனையைக் கழற்றிப் பாருங்கள். அதில் காந்தம் இருப்பதால் பிரேக் பேடிலிருந்து வரும் இரும்புத்தூள் அப்பிக்கொள்ளும். துணியால் துடைத்தாலே சிலருக்குத் தீர்ந்துவிடும். மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் இன்னொரு வகையில் ஓம் மீட்டர் வைத்துப் பயனில்லை, மேனுவல் சொல்கிற முறையில்தான் பார்க்க வேண்டும். எந்த வகை என்று தெரியாமல் மீட்டர் வைக்காதீர்கள்.

விளக்கே எரியல. ஆனா சிக்னல்ல நிக்கப் போறப்ப லீவர் துடிக்குது, மோட்டார் கொஞ்சம் முன்னால ஓடிடுது.

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இது. விளக்கு எரிவதைவிட இது மோசம். மெதுவான வேகத்தில் சுருள் வகைச் சென்சாரின் சமிக்ஞை இயல்பாகவே பலவீனம். முனையில் அழுக்கு, அதிகமான இடைவெளி, அடிபட்ட ரிங் பல் ஏதாவது சேர்ந்தால் சமிக்ஞை ஒரு கணம் மறைகிறது. கணினி அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்வதில்லை. சக்கரம் லாக் ஆகிவிட்டது என்று நினைத்து பிரேக் அழுத்தத்தைத் தளர்த்துகிறது. நீங்கள் பிடிக்கிறீர்கள், அது விடுகிறது. முன்னால் கார் நிற்கும்போது அந்த ஒரு மீட்டரே போதும்.

மணலிலோ ஈரமான வெள்ளைக் கோட்டிலோ துடித்தால் அது ஏபிஎஸ் தன் வேலையைச் செய்வது. காய்ந்த, சுத்தமான தாரில், மெதுவாகப் பிடிக்கும்போதே துடித்தால் கோளாறு. அன்றே ஓட்டுவதை நிறுத்துங்கள். பார்க்க வேண்டியது சென்சார் முனை, இடைவெளி, ரிங், பேரிங், இந்த வரிசையில். மெக்கானிக்கிடம் "விளக்கு எரியவில்லை, ஆனால் பிரேக் விடுகிறது" என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். விளக்கு எரியவில்லை என்பதற்காக அவர் திருப்பி அனுப்பினால் வேறு கடை பாருங்கள்.

அரை மணி நேரம் ஓடி சூடானா எரியுது, ஆறினா போயிடுது. வயர் எல்லாம் பார்த்தாச்சு.

அப்படியானால் கடைகளில் ஏபிஎஸ் பம்ப் என்று சொல்லும் பெட்டிக்குள் இருக்கலாம். அதில் கணினி, வால்வுகள், பம்ப் மூன்றும் சேர்ந்திருக்கும். சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கி உள்ளே ஈயப்பற்று விரிசல் விடுவது பழைய பெட்டிகளில் நடக்கும். பம்பின் கார்பன் பிரஷ் தேய்ந்தாலும், பழைய பிரேக் எண்ணெய் கசடாகி அது இறுகினாலும் கோடு வரும். முடிவுக்கு வருமுன் ஏபிஎஸ் ஃபியூஸ்களின் முனை கருகியிருக்கிறதா என்று பாருங்கள். பம்புக்கும் வால்வுக்கும் தனித்தனி ஃபியூஸ் இருப்பது வழக்கம்.

புது பம்ப் ஆயிரக்கணக்கான வெள்ளி கேட்கிறாங்க. பழைய சாமான் கடையில வாங்கிப் போடலாமா?

போடலாம், ஆனால் பாக எண் அப்படியே பொருந்த வேண்டும், வெளித்தோற்றம் போதாது. ஏபிஎஸ் பல தலைமுறை மாறியிருக்கிறது: 1988இல் பிஎம்டபிள்யூ கே100 மோட்டாரில் வந்த முதல் அமைப்பு சுமார் 11 கிலோ, பின்னாளில் வந்த பாஷ் ஒன்பதாம் தலைமுறைப் பெட்டி ஒரு கிலோவுக்கும் குறைவு. குழாய்த் துளைகள் மூடப்படாமல் தட்டில் கிடந்த பெட்டியை வாங்காதீர்கள், உள்ளே எண்ணெய் காய்ந்து துரு ஏறியிருக்கும். கணினி மட்டும் கெட்டிருந்தால் அதைப் பழுதுபார்க்கும் கடைகளும் உண்டு, முதலில் அங்கே விசாரியுங்கள்.

மாட்டிய பிறகு பிரேக் எண்ணெய்க் குழாயில் சிக்கிய காற்றை எடுப்பது தனி வேலை. சில மாடல்களில் மெஷின் மூலம் வால்வைத் திறந்துதான் உள்ளே சிக்கிய காற்றை எடுக்க முடியும். லீவர் கல் மாதிரி உறுதியாக வராமல் மோட்டாரை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

கெந்திங் மலையிலிருந்து இறங்கறப்ப லீவர் மெத்துன்னு ஆயிடுது. இதுவும் ஏபிஎஸ் தானா?

இது எண்ணெய். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை இழுக்கும். டாட் 4 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும், ஈரம் இழுத்தபின் அதற்கான அளவு 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் எண்ணெய் கொதித்து ஆவியாகும், லீவர் மெத்தென்று போகும். கீழ் கியரில் இறங்குங்கள், எண்ணெயை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஏபிஎஸ் வால்வுகளின் ஆயுளும் அதில்தான் இருக்கிறது. பெயர் ஒத்திருக்கிறது என்று டாட் 5 ஊற்றிவிடாதீர்கள். அது சிலிகான், ஏபிஎஸ்ஸுக்கு ஆகாது. டாட் 5.1 வேறு வகை, டாட் 4 குடும்பம்தான்.

பேசாம ஃபியூஸைக் கழட்டிட்டு ஓட்டினா என்ன?

நிரந்தரமாகச் செய்யாதீர்கள். மலேசியாவில் சாலை மரணங்களில் பாதிக்கு மேல் மோட்டார் ஓட்டுபவர்களும் பின்னால் அமர்பவர்களும்தான். 150 சிசி-யும் அதற்கு மேலும் உள்ள புதிய மாடல்களுக்கு 2025 ஜனவரியிலிருந்து ஏபிஎஸ் கட்டாயமாக்கியதும் அதனால்தான். கையில் இருப்பதைக் கழற்றிப் போடுவது சரியில்லை.

ஒரே ஒரு சூழ்நிலையில் ஒத்துக்கொள்வேன். மேலே சொன்ன மாதிரி விளக்கு எரியாமல் பிரேக் விட்டுக்கொடுக்கிறது, லாரியில் ஏற்றவும் வழியில்லை என்றால், கடைவரை போக மட்டும் ஃபியூஸைக் கழற்றலாம். விளக்கு எரிய வேண்டும், காலியான இடத்தில் பிரேக் உறுதியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்பம்ப் உதவியுள்ள அந்தப் பிஎம்டபிள்யூ வகைகளில் இதைச் செய்யவே கூடாது.

பழைய ஏபிஎஸ் மோட்டார் ஒண்ணு பார்த்தேன். விளக்கு எரியவே இல்ல, நல்ல வண்டிதானே அண்ணே?

சாவி போட்டபோதும் எரியவில்லையா? அப்படியென்றால் நல்ல வண்டி இல்லை தம்பி. பல்பைப் பிடுங்கியிருக்கலாம், அல்லது வேறு விளக்கின் வயரோடு சேர்த்துக் கட்டியிருக்கலாம். சாவி போட்டதும் எரிகிறதா, எஞ்சின் ஸ்டார்ட் ஆன பிறகும் நிற்கும்போது எரிகிறதா, மோட்டார் நகர்ந்த பிறகுதான் அணைகிறதா என்று மூன்றையும் பாருங்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆனதுமே ஆயில் விளக்கோடு சேர்ந்து அணைந்தால் யாரோ வயரை மாற்றியிருக்கிறார்கள்.

அப்புறம் காய்ந்த, காலியான சாலையில், உரிமையாளர் சம்மதத்தோடு, மெதுவான வேகத்தில் பின் பிரேக்கை மட்டும் பலமாக மிதித்துப் பாருங்கள். காலில் துடிப்பு தெரிந்து சக்கரம் லாக் ஆகாமல் உருண்டபடியே மோட்டார் நின்றால் அமைப்பு உயிரோடு இருக்கிறது. சக்கரம் இழுபட்டுக் கோடு போட்டால் இல்லை. ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டும் உள்ள மாடல்களும் உண்டு, அதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். முன்சக்கரத்தில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம், அதை மெக்கானிக் மெஷின் வைத்துப் பார்க்கட்டும்.